சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும்

திருப்பூர் பனியன் கம்பெனி உரிமையாளர்களுக்கு வணக்கம்.

ஊருக்கு மேற்கே மங்கலம் பக்கமிருந்து பேட்டரி சைக்கிளில் வேலைக்கு வரும் பவர்டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்) டைலர் நான். உங்கள் சைக்கிள் ஸ்டாண்டுகளில் சார்ஜ் போட வசதி கேட்டு இதை எழுதுகிறேன்.

பெட்ரோல் செலவை மிச்சம் பிடிக்கத்தான் இந்தச் சைக்கிளை வாங்குகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் அக்காக்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள். ஒன்றரை ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது மணி இரவு எட்டரை. வீட்டுக்காரரோ மகனோ வந்து கூட்டிப்போகும்வரை கேட்டிலேயே நிற்க வேண்டும். மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் 25 கிலோமீட்டருக்கும் மிகாத பேட்டரி சைக்கிளுக்கு லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம். யாரையும் எதிர்பார்க்காமல் கிளம்பலாம். அந்தத் தெம்புக்காகத்தான் சீட்டுப் பணத்தைப் போட்டு வாங்குகிறார்கள்.

அப்புறம் காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் மேல்காற்று காலையில் எங்களைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிடும். ராத்திரி திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். நாளெல்லாம் மெஷின் மிதித்த காலால் அதை எதிர்த்துச் சாதா சைக்கிள் மிதிப்பது எவ்வளவு கஷ்டம் என்று மிதித்தவர்களுக்குத்தான் தெரியும். மோட்டார் கைகொடுப்பது அங்கேதான். ஆனால் எதிர்காற்றில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். நடுவழியில் தீர்ந்துபோனால் சாதா சைக்கிளைவிட இது கனம். அந்தப் பயத்தில்தான் பலரும் வாங்கத் தயங்குகிறார்கள்.

ஒரு கம்பெனியில் 'கரண்ட் பில் ஏறும்' என்று சார்ஜரைப் பிடுங்கச் சொன்னார்கள். கணக்கைப் பாருங்கள். 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரி முழுதாக ஏற அரை யூனிட்கூட ஆகாது. 1000 வாட் அயர்ன்பாக்ஸ் அரை மணி நேரம் ஓடினால் அதைவிட அதிகம் இழுக்கும்.

தீப்பிடிக்குமோ என்ற கவலை நியாயமானது. துணியும் வேஸ்ட்டும் குவிந்த இடத்தில் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் போடக்கூடாது என்பதே எங்கள் எண்ணமும். அதனால் தைக்கும் செக்ஷனுக்குள் கேட்கவில்லை. குடோனை விட்டுத் தள்ளி, வாட்ச்மேன் பார்வையில், காற்றோட்டமான கூரைக்கு அடியில் போதும். சைக்கிளோடு வந்த சார்ஜரை மட்டும் அனுமதியுங்கள். உப்பிய, அடிபட்ட பேட்டரியைத் திருப்பி அனுப்புங்கள்.

நீங்கள் சரக்கு அனுப்பும் பிரிட்டனில் வேலைக்குப் போக சைக்கிள் வாங்குபவர்களுக்கு, சம்பளத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ளும் திட்டம் 1999 முதல் இருக்கிறது. பேட்டரி சைக்கிளும் அதில் சேரும். சனிக்கிழமைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு நீங்களும் வாங்கித் தரலாம். முடியாவிட்டாலும் சரி, முதலில் கேட் பக்கம் நாலு பாயிண்ட் போட்டுக் கொடுங்கள். ஆனி பிறப்பதற்குள் கிடைத்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பவர்டேபிள் டைலர்