பக்கம் தாவிப் படிக்கும் கதைகள் தமிழிலும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லீவு விட்டாச்சே என்று உங்கள் சிறுவர் இணைப்பை மகனுக்கு எடுத்துக் கொடுத்தேன். புதிர்களுக்குக் கால் பக்கம்தான். ஆறு வித்தியாசம், ஒரு சுடோகு, முடிந்தது. மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

எண்பதுகளில் கம்பத்தில் வளர்ந்தவள் நான். ஏலக்காய் வியாபாரத்துக்காகக் குமுளிக்குப் போய்வரும் மாமா, தேக்கடிக்கு வந்த வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பழைய புத்தகங்களை அங்கே வாங்கி வருவார். அதில் ஒரு வகையில் கதாநாயகன் வேறு யாரோ இல்லை, படிக்கிற நாம்தான். குகைக்குள் நுழைந்தால் ஒரு பக்கத்துக்குப் போகச் சொல்லும், திரும்பி ஓடினால் இன்னொரு பக்கம். அரைகுறை இங்கிலீஷோடு அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அண்ணனும் நானும் சண்டை போட்டுப் படிப்போம். அவன் எப்போதும் குகைக்குள்தான் போவான், போய்ச் செத்தும் போவான். நான் விட்டுவந்த பக்கத்திலேயே விரலைச் செருகி வைத்திருப்பேன், செத்தால் திரும்பி வர வேண்டுமே. அப்புறம் மூன்று விரலும் மூன்று பக்கத்தில் மாட்டிக்கொள்ள, அண்ணன்தான் தாளைப் புரட்டுவான். குமுளிக் கடைகளில் தொங்கும் பாலரமா என்ற மலையாளச் சிறுவர் இதழும் வரும். மலையாளம் எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது, ஆனால் அதில் வரும் வழி கண்டுபிடிக்கும் புதிரில் முயலுக்கு வழி காட்ட மொழி எதற்கு? முன்னால் வாங்கியவர்கள் பேனாவால் வழியைப் போட்டு வைத்திருந்தால்தான் அழுகை வரும்.

எட்வர்ட் பேக்கர்ட் என்ற அமெரிக்க வக்கீல் ராத்திரி மகள்களுக்குக் கதை சொல்லும்போது, மேலே என்ன சொல்வதென்று தெரியாமல் அவர்களிடமே கேட்டாராம். ஆளுக்கொரு வழி சொன்னார்கள். அதில் பிறந்த யோசனைதான் 1979-ல் அங்கே பெரிய வரிசையாக வரத் தொடங்கியது. 1982-ல் இங்கிலாந்தில் பகடையும் பென்சிலும் வைத்துக்கொண்டு படிக்கிற மாதிரி, 400 பகுதிகளோடு ஒன்று வந்தது. நமக்கு இது புதுசா என்ன? அம்புலிமாமாவில் வேதாளம் கேள்வி கேட்டதும் விக்கிரமன் சொல்வதற்கு முன்னால் பதிலைச் சொல்லிவிட வேண்டும் என்று துடித்தவர்கள்தானே நாம்.

மொபைல் கேமில் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். சரி, இருக்கிறது. ஆனால் புத்தகத்தில் அத்தனை வழியும் ஒரே சமயத்தில் கையில் இருக்கும், கதை எழுதியவர் எங்கே முடிச்சுப் போட்டார் என்று பிள்ளை பிரித்துப் பார்க்கலாம், பார்த்துவிட்டு ரஃப் நோட்டில் தானே ஒன்று எழுதலாம். நாங்கள் எழுதினோம்.

அதனால் கேட்கிறேன், வாரம் ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். எண் போட்ட கட்டங்களில் ஒரு கதை. சித்ரா பௌர்ணமியன்று மங்கலதேவி கண்ணகி கோயில் கூட்டத்தில் ஒரு பிள்ளை தம்பியைத் தொலைத்துவிடுகிறாள் என்று வையுங்கள். பளியன்குடிக்கு இறங்கும் காட்டுப் பாதையில் தேடினால் ஒரு கட்டம், குமுளி ஜீப்பில் ஏறினால் வேறு கட்டம். முடிவை மட்டும் அச்சடிக்காமல் விட்டு, பிள்ளைகளையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் தெருவிலிருந்து முதல் வாரமே கடிதம் வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கம்பம், தேனி மாவட்டம்.