உடம்பு சரியில்லையா?

சியோல்,
16.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், அதனால்தான் எழுதுகிறேன். இங்கே வந்த முதல் வாரம் லேபில் மூன்று பேர் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நானும் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் விளங்கியது. முகத்தில் ஒன்றும் பூசாமல் வருகிற பெண்ணை இங்கே அப்படித்தான் கேட்பார்களாம்.

சொன்னவள் பக்கத்து மேஜைக்காரி. என்னைவிட நான்கு வயது மூத்தவள், அதனால் 'ஒன்னி' என்று கூப்பிடுகிறேன். இங்கே தங்கைகள் அக்காவைக் கூப்பிடுவது அப்படித்தான். பையன் மாதிரி ஒட்ட வெட்டிய முடி, பெரிய கண்ணாடி. அதிர்ந்து பேச மாட்டாள். நான் பார்த்ததிலேயே பெரிய கோபக்காரி அவள்தான்.

2018இல், காலேஜில் படிக்கும்போது, ஒரு ராத்திரி மேக்கப் பெட்டியைத் தரையில் கவிழ்த்து, பவுடரை ஸ்பூன் காம்பால் குத்தி உடைத்து, லிப்ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாக நசுக்கி போட்டோ எடுத்துப் போட்டாளாம். தரையில் அப்பிய ரோஸ் நிறம் ஒரு மாதம் போகவில்லை, வீட்டுக்கார அம்மாள் திட்டித் தீர்த்தாள் என்று சிரிக்கிறாள். அந்த வருஷம் நிறையப் பெண்கள் இதைச் செய்தார்கள். 'தல்கொர்செத்' என்று பேர். கோர்செட்டைக் கழற்றி எறிவது. மேக்கப், நீள முடி, பட்டினி டயட், இமையில் மடிப்பு விழ வைக்கிற 'இரட்டை இமை' ஆபரேஷன் எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கோர்செட்.

அந்த வருஷம் ஏப்ரலில் இம் ஹியோன்-ஜு என்ற செய்தி வாசிப்பாளர் எம்பிசி டிவியில் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்ததே பெரிய செய்தியானது. வெறும் மூக்குக் கண்ணாடி, அக்கா!

ஆனால் ஒன்னியின் கோபம் லிப்ஸ்டிக்கில் ஆரம்பிக்கவில்லை. பொதுக் கழிப்பறைச் சுவரில் ஆணி ஓட்டை தெரிந்தால் இன்றைக்கும் டிஷ்யூவை உருட்டி அடைத்துவிட்டுத்தான் உட்காருவாள். ரகசியக் கேமரா பயம். பெண்கள் கொடுத்த புகார்கள் கிடப்பில் கிடக்க, ஓர் ஆண் மாடலை நிர்வாணமாகப் படமெடுத்துப் போட்ட பெண்ணைப் போலீஸ் சட்டென்று பிடித்தது. அவ்வளவுதான், 2018 மே மாதம் இங்கே ஹேஹ்வா மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் ஆயிரக்கணக்கான பெண்கள் சிவப்பு உடுத்திக் கூடினார்கள். கோபத்தின் நிறமாம். அங்கேயும் யாராவது படமெடுத்துவிடுவார்கள் என்று பலர் மாஸ்க் போட்டிருந்தார்கள். அப்புறம் நடந்த கூட்டத்தில் சிலர் மொட்டை அடித்துக்கொண்டார்கள். நமக்கு மொட்டை என்றால் சமயபுரம்தான் ஞாபகம் வரும். அங்கே எந்த வேண்டுதலும் இல்லை.

இதற்கெல்லாம் விலையும் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் வில்வித்தையில் மூன்று தங்கம் வாங்கிய ஆன் சானையே, முடி குட்டையாக இருக்கிறது, பெண்ணியவாதி போலிருக்கிறது என்று வசைபாடினார்கள். 2023 நவம்பரில் ஜின்ஜு ஊரில் ராத்திரிக் கடையில் வேலை பார்த்த பெண்ணை அதே முடிக்காக ஒருவன் அடித்தான். அவனுக்கு மூன்று வருஷம் ஜெயில்.

ஒன்னியின் தங்கை லிப்ஸ்டிக் போடுவாள். "உடைக்காதவர்களை எல்லாம் துரோகி மாதிரி பார்த்தீர்கள்" என்று அவளுக்கு இன்னும் வருத்தம். எனக்கு அவள் பக்கமும் நியாயம் தெரிகிறது. சாப்பாட்டு மேஜையில் இருவரும் இதை மட்டும் பேசுவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை நானும் முடியை வெட்டிக்கொண்டேன். கடைக்காரப் பெண் "நிஜமாகவா?" என்று மூன்று தடவை கேட்டாள். குளிரில் தலை காய மாட்டேன் என்கிறது என்றுதான் சொன்னேன். ஆனால் கத்தரி ஓடும்போது உன் கல்யாணத்துக்கு முந்தின ஆறு மாதம்தான் கண்ணில் நின்றது. கடலைமாவு, குங்குமப்பூப் பால், "வெயிலில் போகாதே, இன்னும் கறுத்துவிடுவாய்." நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மாடியில் போய் பக்கெட்டை எட்டி உதைத்தேன், ஞாபகம் இருக்கிறதா?

அம்மாவிடம் முடி விஷயத்தை நீயே பக்குவமாகச் சொல்லிவை. அதுவரை வீடியோ காலில் தலையில் துண்டோடுதான் உட்காருவேன்.

உன்,
சின்னு