கல்லில் இருக்கும் பேர்

கண்ணு,

இந்த ஜூலை 26, கார்கில் வெற்றி நாளுக்கு, ஊர்ப் பள்ளிக்கூடத்து வாசலில் இருக்கும் நம்ம ஊர்ப் பட்டாளத்துப் பையனின் நினைவுக்கல்லை நீயே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாயாம், உன்ற அம்மா சொன்னாள். ஷிப்மென்ட் நெருக்கத்தில் நேரம் எங்கே என்று யோசிக்காதே. வெடியால பத்து நிமிஷம் போதும். மேடை, மைக்செட், சால்வை என்று இறங்கினால்தான் ஒரு நாள் முழுக்கப் போகும். அடுத்த வருசம் ஆரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

முதலில் பேர். நம்ம பக்கத்துப் புலிகுத்திக்கல் பலவற்றில் எழுத்தே கிடையாது. பட்டியைக் காக்கப் புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவன் இன்றைக்கு வெறும் சாமி; பேர் கேட்டால் ஊரில் ஆருக்கும் தெரியாது. அதனால் பெயின்ட் உதிர்ந்த எழுத்தை எழுதுகிறவர் யூகத்துக்கு விட்டுவிடாதே. படை எண், பதவி, பேர், ரெஜிமென்ட், இறந்த தேதி ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, அந்தப் பையன் வீட்டில் காட்டிய பிறகு கொடு. தில்லி தேசியப் போர் நினைவுச் சின்னத்தின் இணையதளத்திலும் தேடிப் பார். கிடைக்காவிட்டால் ஆங்கில எழுத்தை மாற்றிப் போடு. பழனிச்சாமியையே நாலு விதமாக எழுதுவார்கள். அங்கே இருப்பது விடுதலைக்குப் பின் உயிர்விட்ட முப்படையினர் பேர். சி.ஆர்.பி.எப்., அதாவது மத்திய ரிசர்வ் போலீஸ் ஆளை அதில் தேடிவிட்டு 'லிஸ்டிலேயே இல்லை' என்று கிளப்பிவிடாதே. அவர்களுக்குச் சாணக்கியபுரியில் தேசியக் காவலர் நினைவிடம் தனியாக இருக்கிறது, 2018-ல் திறந்தது.

கல்லைக் கழுவத் தண்ணீரும் பழைய பனியன் துணியும் போதும். ஆசிட் ஊற்றினால் பாலிஷ் மங்கும், சிமென்ட் இணைப்பு அரித்துப்போகும். எண்ணெய் விளக்கைக் கல்லை ஒட்டி வைக்காதே. கருங்கல்லும் எண்ணெய் குடிக்கும், அந்தக் கறை லேசில் போகாது. ஒரு அடி தள்ளி வை.

கொடி விஷயத்தில்தான் பெரும்பாலும் சறுக்குவார்கள். அரைக்கம்பம் நாமாக இறக்குவது கிடையாது, அரசு அறிவித்தால் மட்டும். கல்லைத் தேசியக்கொடியால் மூடித் திறந்து வைப்பதும் கொடி விதிக்கு விரோதம். வெள்ளைத் துணி போர்த்து.

கம்பெனியிலும் அனுசரிக்கிறதாக இருந்தால் டீ மணிக்கு முன்னால் ரெண்டு நிமிஷம் ஓவர்லாக், பவர் டேபிள் தையல் மெஷின் எல்லாம் நிறுத்தச் சொல். கம்ப்ரசரை மறந்துவிடாதே, அது ஒன்று ஓடினாலே அமைதி இல்லை. தொடங்கவும் முடிக்கவும் ஒரே ஆள் குரல் கொடுக்கட்டும். இல்லையென்றால் முக்கால் நிமிஷத்திலேயே ஆராவது கலைந்துவிடுவார்கள். அந்த ரெண்டு நிமிஷத்தை டீ நேரத்தில் பிடிக்காதே. பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு மெஷின் நின்ற அந்த ரெண்டு நிமிஷக் கூலி ஏற்கனவே போயிருக்கும்.

அந்தப் பையனின் அம்மா வந்தால் பேசச் சொல்லி நிற்கவைக்க வேண்டாம். நாற்காலியைக் கூட்டத்தைப் பார்த்துப் போடாமல் கல்லுக்குப் பக்கத்தில், நிழல் விழுகிற பக்கமாகப் போடு.

அப்பா