வள்ளிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள வள்ளிக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். சின்னவள் கல்யாணப் பேச்சை அப்புறம் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசியபோது உன் பின்னால் அலமாரியில் இரண்டு டப்பாக்கள் தெரிந்தன. வைட்டமின் சி 1000, வைட்டமின் இ 400. மெடிக்கல் ஷாப்காரன் கண், லேபிளைப் படிக்காமல் விடாது. யார் சொல்லி வாங்கினாய்? டாக்டரா, அந்தத் தோழியா?

கர்ப்பத்தில் சர்க்கரை ஏறினால் செல்லுக்குள் ஃப்ரீ ராடிக்கல் என்ற கெடுதல் செய்யும் மூலக்கூறுகள் பெருகும், இரத்தக் குழாயும் நஞ்சுக்கொடியும் அடிபடும், இந்த வைட்டமின்கள் மாதிரி ஆன்டி ஆக்ஸிடன்ட் அதைத் தணிக்கும் என்று நீ நினைத்தது நியாயம்தான். ஆனால் நீ இருக்கும் பிரிட்டனிலேயே அதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 25 கிளினிக்குகள், உன்னைப் போல டைப் 1 சர்க்கரை நோய் உள்ள 762 கர்ப்பிணிகள், இதே மாத்திரைகள், இதே அளவு. 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 19 சதவீதம் பேருக்கும் ப்ரீ-எக்லாம்சியா, அதாவது கர்ப்பத்தில் பி.பி. ஏறும் ஆபத்தான கோளாறு, வந்தது. பலன் என்று உறுதியாகச் சொல்ல அந்த வித்தியாசம் போதாது என்று முடித்தார்கள். உடம்பில் இந்தச் சத்து முன்பே குறைவாக இருந்தவர்களுக்கு வேண்டுமானால் உதவலாம். நீ நெல்லிக்காயும் கீரையும் விடாதவள்.

இன்னொன்று. சர்க்கரை பார்க்கக் கையில் ஒட்டியிருக்கிறாயே, அந்த மாதிரி சென்சார்கள் சிலவற்றில் வைட்டமின் சி அதிகமானால் சர்க்கரை கூடுதலாகக் காட்டும். அதை நம்பி நீ இன்சுலினைக் கூட்டிப் போட்டு, ராத்திரி சர்க்கரை இறங்கிவிட்டால்? மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்ட் வேறு.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து உன் ஊசியை நீயே போட்டுக்கொண்டவள். எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்! உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், டாக்டர் கொடுத்த ஆஸ்பிரினை நிறுத்தாதே. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சர்க்கரையைப் பார். ஆஸ்பிரினை மறந்துவிடாதே.

ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்றாய். பி.பி.யைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறாய். அன்றைக்கு உன் விரலில் மோதிரம் இல்லை. வீங்கியிருக்கிறதா? அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி என்றால் விடியட்டும் என்று இருக்காதே. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு போன் போடு.

அடுத்த செக்கப்புக்கு இரண்டு டப்பாக்களையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டு. பி.பி. எவ்வளவு என்று அன்றைக்கே என் போனுக்கு அனுப்பு. அம்மா போனுக்கு வேண்டாம்.

அப்பா