‘விலகினார்’ என்ற சொல்லைத் திருத்தக் கோரி ஒரு திறந்த மடல்

மௌனப்படக் கண்காட்சியை அமைத்த குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் கண்காட்சியை இருமுறை பார்த்தேன். நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ முதல் ‘மார்த்தாண்ட வர்மா’ வரை, பெரும்பாலும் படச்சுருளே மிஞ்சாத ஒரு காலத்தை விளம்பரத் தாள்களையும் பழைய கருவிகளையும் கொண்டு கண்முன் நிறுத்தியிருக்கிறீர்கள். அந்த உழைப்பின் மீது எனக்குள்ள மதிப்பினால்தான் இதை எழுதுகிறேன்.

ஜே. சி. டேனியலுக்கு ஒரு சுவரையே ஒதுக்கியிருக்கிறீர்கள். அது அவருக்கு உரியதே. மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ எடுத்துச் சொத்திழந்த அந்த அகஸ்தீஸ்வரத்துக்காரரை நெடுங்காலம் மறந்திருந்து, பிறகு அவர் பெயரில் 1992 முதல் கேரள அரசு விருதும் வழங்கி வருகிறது. ஆனால் அதே சுவரின் அடியில், நாயகியாக நடித்த பி. கே. ரோசி பின்னர் திரையுலகிலிருந்து ‘விலகினார்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நடந்தது உங்களுக்குத் தெரியாதது அன்று. காக்காரிசி என்னும் நாட்டுப்புற நாடகத்தில் நடித்துப் பழகிய, ஒடுக்கப்பட்ட புலையர் சமூகத்தைச் சேர்ந்த ஓர் இளம்பெண், பம்பாயிலிருந்து வரவழைக்கப்பட்ட நடிகை ஒத்துவராததால், சரோஜினி என்ற, உயர்சாதியான நாயர் பெண்ணாக நடிக்க அழைக்கப்பட்டார். மதியச் சோற்றை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்து, நாளுக்கு ஐந்து ரூபாய் கூலிக்கு நடித்துவிட்டு, மாலையில் வீடு திரும்பினார் என்று பதிவுகள் கூறுகின்றன. திருவனந்தபுரம் கேபிடல் அரங்கில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்ட அன்று, அவர் உள்ளே இருந்தால் தாங்கள் வரமாட்டோம் என்று பிரமுகர்கள் சொன்னதாகவும், அடுத்த காட்சிக்கு வரும்படி அவரிடம் கேட்டுக்கொள்ளப்பட்டதாகவும் அவை சொல்கின்றன. தன் முகம் திரையில் எப்படித் தெரிகிறது என்று காண வந்தவரை வாசலிலேயே நிறுத்திய அந்த நேரத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். உள்ளே அவருடைய உருவத்துக்கு இடம் இருந்தது. வெளியே நின்ற அவருக்கு இல்லை. சிறிது நேரத்தில், நாயகன் அவர் கூந்தலிலிருந்த பூவை எடுத்து முத்தமிடும் காட்சியைக் கண்டு கொதித்தவர்கள் திரையின் மீது கல்லெறிந்தபோது, அந்த உருவத்துக்கும் இடம் இல்லாமல் போயிற்று. பிறகு அவருடைய குடிசைக்குத் தீ வைத்தார்கள். ஒரு லாரியில் ஏறித் தப்பி நாகர்கோவிலுக்கு வந்தவர், தாம் நடித்ததைப் பற்றிப் பேசாமல், ராஜம்மாள் என்ற பெயரில் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். இன்று அவருடையது என்று சுற்றிவரும் ஒரேயொரு புகைப்படமும் உறுதிசெய்யப்படாதது. நீங்களோ அதைப் பெரிதாக்கி, ஐயத்துக்கு இடமே இல்லாதது போல மாட்டியிருக்கிறீர்கள்.

இதற்கு ‘விலகினார்’ என்பதா பெயர்? பள்ளியில் படித்த தன்வினையையும் பிறவினையையும் நாம் மறந்துவிட்டோம் போலும். நம்முடைய வரலாற்றுப் பலகைகளில் எவரும் எவரையும் எதுவும் செய்வதில்லை. குடிசைகள் எரிகின்றன, குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறுகின்றன, நடிகைகள் விலகுகிறார்கள். தீயை வைத்தவரும் கல்லை எறிந்தவரும் எந்த வாக்கியத்திலும் எழுவாயாக வருவதே இல்லை. இத்தனை நாகரிகமான இலக்கணம் அந்தக் கல்லெறிந்தவர்களுக்கும் கைவந்திருந்தால், அன்றைய காட்சி அமைதியாகவே முடிந்திருக்கும்.

கோபத்தில் சற்றுத் தொலைவு வந்துவிட்டேன், பொறுத்தருள வேண்டும். கண்காட்சிப் பொறுப்பாளரிடம் நேரிலும் இதைச் சொன்னேன். பலகையில் இடமில்லை என்று அவர் பணிவாகவே விடையளித்தார். ‘விலகினார்’ என்பதில் ஐந்து எழுத்துகள், ‘விரட்டப்பட்டார்’ என்பதில் ஒன்பது. நான்கு எழுத்துகளுக்கு அந்தச் சுவரில் இடமில்லை என்பதை, டேனியலின் படத்தைச் சுற்றி விட்டிருக்கும் வெற்றிடத்தைப் பார்த்த பின் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. அந்தச் செய்தியைச் சொன்னால் டேனியலின் சிறப்புக்குக் குறைவு வந்துவிடுமோ என்ற தயக்கம் இருந்தால் அதுவும் தேவையற்றது. அன்றைய திருவிதாங்கூரில் ரோசியை நாயகியாக்கிய துணிவும் டேனியலுடையதுதானே. அரங்க வாசலில் அவருக்காக நிற்கத் துணிவு போதவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னால் என்ன?

ஆகவே மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். ‘விலகினார்’ என்பதை ‘விரட்டப்பட்டார்’ என்று திருத்துங்கள். யாரால், எதற்காக என்று அடுத்து ஒரு வரி எழுத முடிந்தால் நன்று. புகைப்படத்தின் கீழ், இது உறுதிசெய்யப்படாதது என்று குறியுங்கள். கண்காட்சி அடுத்த ஊருக்குப் போகும்போது எப்படியும் பலகைகளைக் கழற்றித்தான் மாட்டப் போகிறீர்கள். அதற்கு முன் இது முடிந்துவிட வேண்டும். புதிதாக அச்சிடும் செலவுதான் தடையென்றால் தெரிவியுங்கள், அந்தத் தொகையை நானே செலுத்திவிடுகிறேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
கண்காட்சியின் பார்வையாளர் ஒருவர்