பளிங்கு அறுப்பாலைச் சீரமைப்பு: பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பழைய பளிங்கு அறுப்பாலையில் நாம் எடுத்துக்கொண்ட வேலை முடிந்தது. கூரை இப்போது ஒழுகுவதில்லை. சுவர்களில் ஈரம் வடிந்துவிட்டது. பெரிய ரம்பச் சட்டங்களில் ஒன்று மறுபடியும் முன்னும் பின்னும் ஆடுகிறது. ஆனாலும் உள்ளே வந்து பார்த்த உறுப்பினர்களில் பலர் கேட்டது ஒரே கேள்விதான்: "இவ்வளவு செலவு செய்தும் ஏன் இன்னும் பழசாகவே இருக்கிறது?" நியாயமான கேள்வி. இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதற்கான பதில். வரவு செலவுக் கணக்கு, தணிக்கைச் சான்றோடு தனியாக உங்களுக்கு அனுப்பப்படும்.

முதலில் இந்த ஆலையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறோம். அது புரிந்தால் நாங்கள் எதை விட்டுவைத்தோம், ஏன் விட்டுவைத்தோம் என்பதும் புரியும்.

பளிங்கை அறுத்த பழைய ரம்பத்துக்குப் பல் கிடையாது. ஒரு சட்டத்தில் வரிசையாக இழுத்துக் கட்டிய தட்டையான இரும்புப் பட்டைகள், அவ்வளவுதான். சட்டம் ஊஞ்சல்போல ஆடும். மேலிருந்து மணலும் தண்ணீரும் சொட்டிக்கொண்டே இருக்கும். பட்டை மணலைக் கல்மேல் வைத்து அழுத்தி இழுக்கும். கல்லைத் தின்பது மணல்தான். பளிங்கில் இருப்பது பெரும்பாலும் கால்சைட் என்ற கனிமம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 3. மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் 7. ஆகவே இரும்பு கூராக இருக்கத் தேவையே இல்லை. 1ஆம் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி இதைத் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்: இரும்பு அறுப்பதுபோலத் தெரிந்தாலும் அறுப்பது மணல் என்று. எந்த ஊர் மணல் உசத்தி என்றுகூட ஒப்பிடுகிறார். எத்தியோப்பிய மணலுக்கு முதலிடம், இந்திய மணலுக்கும் அந்தப் பட்டியலில் இடம் உண்டு.

இந்த முறையில் ஒரு பெரிய கல் பலகைகளாகப் பிரிய நாள் கணக்காகும். சட்டம் இரவும் பகலும் ஆடும். மணல் சீராக விழுகிறதா, பட்டை ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்று ஆள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பட்டை சாய்ந்தால் பலகை ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் வரும். அப்புறம் அதைத் தேய்த்துச் சமன்படுத்துவது இன்னொரு பெரிய வேலை. மெருகேற்றும் கூடத்தில் பருமணலில் தொடங்கி, நேர்மணல், எமரி என்ற கடினமான கற்பொடி, நுரைக்கல் என்று படிப்படியாக மெல்லிய பொடிக்கு இறங்கி, கடைசியில் வெள்ளீய ஆக்சைடும் கொஞ்சம் ஆக்சாலிக் அமிலமும் சேர்த்துத் தேய்த்தால்தான் முகம் தெரியும் பளபளப்பு வரும்.

எந்திரத்தால் கல் அறுப்பது தொழிற்புரட்சியோடு வந்தது என்று எங்களில் சிலரும் நினைத்திருந்தோம். அது ரொம்பப் பழசு. இன்றைய துருக்கியில் உள்ள ஹியராபோலிஸில், 3ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்த ஒரு கல் சவப்பெட்டியின் மூடியில், நீர்ச்சக்கரம் இரண்டு ரம்பங்களை ஓட்டும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. சக்கரத்தின் சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றும் வளைதண்டும் இணைப்புத் தண்டும் அதில் தெரிகின்றன. அந்த அமைப்புக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று அதுதான். ஜோர்டானின் ஜெராஷ் நகரில் 6ஆம் நூற்றாண்டுக் கல்லறுப்பாலையின் மிச்சங்கள் கிடைத்துள்ளன. பாதி அறுத்து நிறுத்திய தூண் துண்டுகளும் அங்கே கிடந்தன. பின்னர் 1730களில் அயர்லாந்தின் கில்கென்னியில் வில்லியம் கோல்ஸ் என்பவர் நீராற்றலில் ரம்பம் ஓட்டிக் கறுப்புக் கல்லை அறுத்தார். 1748இல் இங்கிலாந்தின் ஆஷ்ஃபோர்டில் ஹென்றி வாட்சன் அதேபோல ஓர் ஆலை தொடங்கினார். (இரண்டு இடத்துக் கறுப்புப் பளிங்கும் உண்மையில் சுண்ணாம்புக்கல்தான். மெருகு ஏறினால் வியாபாரத்தில் எல்லாமே மார்பிள்.)

நமது ஆலையும் இந்த வம்சத்தில் வந்ததே. வடக்குச் சுவரின் பூச்சைத் தட்டியபோது அதன் வரலாறு ஓரளவு வெளியே வந்தது. நீர்ச்சக்கரத்தின் அச்சு நுழைந்த துளையைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். அதற்கு மேலே நீளவாட்டு ஷாஃப்ட் தாங்கிய இரும்புக் கைகள். அவற்றுக்குப் பக்கத்தில், பிற்காலத்தில் மின் மோட்டார் வைக்க உடைத்த திறப்பு. ஆற்றல் மாறிய ஒவ்வொரு தடவையும் கட்டடத்தை இடிக்காமல் சுவரைத்தான் குடைந்திருக்கிறார்கள். எங்கள் பொறியாளர் அந்தச் சுவரை முழுக்கப் பூசிவிடலாம் என்றார். வேண்டாம் என்று குழு ஒருமனதாக முடிவெடுத்தது. நாங்கள் ஒருமனதாக முடிவெடுத்த சில விஷயங்களில் அது ஒன்று.

ஆலை மூடியதற்கும் தொழில்நுட்பமே முக்கியக் காரணம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் கராராப் பளிங்குக் குவாரிகளுக்கு முறுக்குக் கம்பி ரம்பம் வந்தது. 1970களில் வைரம் பதித்த கம்பி வந்தது. வைரம் பதித்த பட்டைகள் பல பொருத்திய, கேங்சா எனப்படும் பெரிய ரம்பங்கள் பழைய சட்டம் நாள் கணக்கில் அறுத்ததை மணிக் கணக்கில் முடித்தன. மணலை நம்பிய ஆலைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். கூரை வேலையைத்தான் முதலில் எடுத்தோம். தண்ணீர் இறங்கும் கட்டடத்தில் வேறு எந்த வேலை செய்தாலும் வீண். மரச் சட்டங்களில் சுவரில் பதிந்த முனைகள் மட்டும் உளுத்திருந்தன. அந்த முனைகளை வெட்டிவிட்டு, அதே வகை மரத்தை ஒட்டுப்போட்டு இணைத்தோம். புது மரம் புதுசாகவே தெரியும். சாயம் பூசி மறைக்கவில்லை. நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டின் சர்வதேச ஆவணமான வெனிஸ் சாசனம் சொல்வதும் இதுதான்: புதிதாகச் சேர்ப்பது மொத்தத்தோடு இசைய வேண்டும், அதேசமயம் பழசிலிருந்து பிரித்தறியவும் முடிய வேண்டும்.

சுவர்களில் யாரோ எப்போதோ பூசியிருந்த சிமென்ட்டை உரித்தெடுத்தது சலிப்பான வேலை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை வெளியே விட வேண்டும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, செங்கல்லின் முகத்தைத் தின்னும். மறுபடி சுண்ணாம்பே பூசினோம். சிமென்ட்டைவிடக் காய நேரமானது. பணி தாமதமானதற்கு அதுதான் முதல் காரணம்.

இயந்திரங்களில் ஒரு சட்டத்தை மட்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தோம். மற்றவற்றில் உதிரும் துருவை மட்டும் நீக்கி எண்ணெய் தடவி நிறுத்திவிட்டோம். எல்லாவற்றையும் பிரித்து மாட்டியிருந்தால் தேய்ந்த பேரிங், கையால் அடித்துச் செய்த ஆப்பு, பழுதுபார்த்த ஒட்டு என்று எந்தத் தடயமும் மிஞ்சியிருக்காது. ஓடும் சட்டத்திலும் மணல் போட்டு அறுத்துக் காட்டப்போவதில்லை. சிறிய மோட்டாரில் மெதுவாக ஆடும், அவ்வளவே. பழைய மணல் தொட்டியைச் சுத்தம் செய்யும்போது துடைப்பம் தொடவே கூடாது என்று கண்டிப்பாக இருந்தோம். காய்ந்த குவார்ட்ஸ் தூசு நுரையீரலுக்குள் போனால் சிலிகோசிஸ் என்ற நோய் வரும். ஆகவே எல்லாவற்றையும் ஈரப்படுத்தி, முகக்கவசத்தோடுதான் அள்ளினோம். இங்கே வேலை செய்தவர்களுக்கு இப்படி எந்தப் பாதுகாப்பும் இருந்ததாகத் தெரியவில்லை. மெருகுக் கூடத்தின் விளக்கப் பலகையில் அதையும் எழுதியிருக்கிறோம்.

இனி, அதிகம் சண்டை நடந்த விஷயம்: சகதிக் குழி. அறுக்கும்போது வழிந்த மணலும் பளிங்குப் பொடியும் இரும்புத் துகளும் கலந்த குழம்பு போய்த் தேங்கிய இடம் அது. அதை மூடிவிட்டு மேலே கூட்டம் நடத்த ஒரு தளம் போடலாம் என்று ஒரு தரப்பு சொன்னது. இடம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழியின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் அடுக்கடுக்காக நிறம் மாறுகிறது. வெள்ளை, சாம்பல், கறுப்பு, மங்கிய சிவப்பு. இந்த ஆலைக்கு எந்தெந்த நிறக் கல் எந்த வரிசையில் வந்தது என்பதற்கு, பதிவேடுகள் தொலைந்துபோன நிலையில், நம்மிடம் மிஞ்சிய சான்று அது ஒன்றுதான். 2003இல் தொழில்துறை மரபுப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான டிக்கி (TICCIH) ஏற்ற நிஷ்னி டகில் சாசனம், தொழில்துறை மரபு என்பதில் கட்டடங்களோடும் இயந்திரங்களோடும் ஆலைகளையும் சுரங்கங்களையும் கிடங்குகளையும் சேர்த்தே பேசுகிறது. நாங்கள் அதைக் கழிவு வரைக்கும் நீட்டிக்கொண்டோம். வாக்கெடுப்பில் சிறிய வித்தியாசத்தில்தான் குழி பிழைத்தது. ஒரு பக்கத்தைத் திறந்து கண்ணாடி வைத்திருக்கிறோம். மறுபக்கம் தொடப்படவில்லை, நாளைக்கு யாராவது முறையாக ஆராய வரட்டும்.

முற்றத்தில் சாய்த்து வைத்திருந்த மெல்லிய பலகைகளை வெளியே இருக்கைகளாகப் போடலாம் என்ற யோசனையையும் ஏற்கவில்லை. அவற்றில் சில ஏற்கனவே வில்லாக வளைந்திருக்கின்றன. பளிங்கு வெயிலில் சூடாகிக் குளிரும்போது அதன் மணிகள் (நுண்படிகங்கள்) பழைய நிலைக்கு முழுசாகத் திரும்புவதில்லை. மெல்லிய பலகையானால் நாளடைவில் வளைந்துவிடும். ஹெல்சிங்கியில் ஆல்வார் ஆல்டோ வடிவமைத்து 1971இல் திறந்த ஃபின்லாந்தியா மாளிகையின் கராராப் பலகைகளை இதனால்தான் 1990களின் இறுதியில் மாற்ற வேண்டிவந்தது. புதிதாகப் போட்ட பளிங்கும் பிறகு வளைந்தது. வளைந்த பலகைகளை உள்ளே நிமிர்த்தி வைத்திருக்கிறோம், பார்வையாளர்கள் ஓரத்தில் ஒரு நூலைப் பிடித்துப் பார்க்கலாம்.

மெருகுக் கூடத்துச் சுவரில் பென்சிலால் போட்ட கூட்டல் கணக்குகளும் பலகை அளவுகளும் இருக்கின்றன. அந்தப் பகுதிக்கு மட்டும் சுண்ணாம்பு அடிக்கவில்லை. தயவுசெய்து யாரும் துணியால் துடைக்க வேண்டாம்.

மீதமிருப்பவை: நீர்க்கால்வாய் தூர்வாரப்படவில்லை, மதகு பழுதாகவே இருக்கிறது, கிரேன் பாலத்தின் இரும்புக்குப் பூச்சு பாக்கி. இந்த வேலைகளுக்குத் தனியாக நிதி கேட்க வேண்டும். திட்டம் அடுத்த பொதுக்குழுவில் வைக்கப்படும். அதற்குள் அவசரமான ஒன்று உண்டு. கூரையின் நீர்த்தாரைகளில் இலை அடைத்தால் சுவரில் மறுபடி ஈரம் இறங்கும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அவற்றைச் சுத்தம் செய்ய முறை வைத்து ஆட்கள் வேண்டும். ஏணி, கயிறு, கையுறை எல்லாம் கிடங்கில் இருக்கின்றன. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் செயலாளரிடம் சொல்லவும்.

சீரமைப்புக் குழு