மீன்பிடிச் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை – 2025

தலைவர், செயற்குழுவினர், வந்திருக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதன் பிரதி அனுப்பப்படும், தயவுசெய்து வாசியுங்கள்.

மாசியில் ஐஸ் மீன்பிடி, ஆனியில் குடும்ப ஒன்றுகூடல். இரண்டும் நன்றாக நடந்தன.

ஆடியில் நடந்ததைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மில் ஒருவர் மதியச் சாப்பாட்டோடு கரையில் நாலு பியர் குடித்துவிட்டு, சிம்கோ ஏரியில் நண்பரின் படகை எடுத்தார். பொலிஸ் படகு மறித்து ஊதச் சொன்னது. கனடாவின் ஒன்ராறியோவில் குடித்துவிட்டுப் படகில் பிடிபட்டாலும் போவது கார் லைசென்ஸ்தான். 100 மில்லி லீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்ற குற்றவியல் சட்ட எல்லை காருக்கும் படகுக்கும் ஒன்றே. திங்கட்கிழமை அவர் பஸ்ஸில் வேலைக்குப் போனார்.

அதைவிட என்னை உலுக்கியது வேறு. அந்தப் படகில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் அளவுக்கு லைஃப் ஜக்கெற் இரண்டுதான் இருந்தது. படகுக்காரர் சாவியைக் கொடுக்கும்போது யார் போகிறார்கள், ஓட்டுபவர் குடித்தாரா என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அதனால்தான் 'தண்டையல் பதிவு', அதாவது படகோட்டிகள் பெயர் எழுதும் கொப்பி, கொண்டுவந்தேன். படகு புறப்பட முன் இரண்டு பேர் பெயர் எழுத வேண்டும். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் படகைத் திருப்ப இன்னொருவர் வேண்டுமே. இருவரிடமும் படகோட்டும் அட்டை இருக்க வேண்டும். படகை டிரெய்லரில் ஏற்றி வீடு போய்ச் சேரும்வரை இருவரும் மதுவைத் தொடக் கூடாது. மற்றவர்களும் கரையில்தான் குடிக்கலாம். நிலையான படுக்கை, சமையல், கழிவறை மூன்றும் உள்ள படகு நங்கூரமிட்டோ கட்டியோ நிற்கும்போது மட்டுமே அதில் குடிக்கச் சட்டம் விடுகிறது. நம்மிடம் அப்படி ஒரு படகும் இல்லை.

"நடு ஏரியில் யாரை இடிக்கப் போகிறோம்?" என்று சிலர் கேட்டார்கள். இடிக்கவே தேவையில்லை. வெயிலும் காற்றும் இயந்திரத்தின் அதிர்வும் சேர்ந்தால் இரண்டு பியரே தலைக்கேறும். தூண்டில் எறிய எழுந்து நிற்பவர் கால் தவறினால் போதும். வைகாசியிலும் அந்தத் தண்ணீர் குளிர்தான். குடித்த உடம்பு சூட்டை வேகமாக இழக்கும்.

நம் ஆறு படகுக்காரர்களில் இருவர்தான் இந்தப் பதிவை ஏற்றுக் கையெழுத்திட்டார்கள். புரட்டாதியில் இதற்காகவே கூட்டிய கூட்டத்துக்கு வந்தது ஒன்பது பேர். மண்டபத்துக்கு நான் கட்டிய காசு இன்னும் வரவில்லை. சந்தா பாதிப் பேர் தரவில்லை. குறுஞ்செய்தி அனுப்பினால் பார்த்த அடையாளம் விழுகிறது, பதில் இல்லை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு போன வருடத்தைவிடக் கொஞ்சம் குறைவு, செலவெல்லாம் வழமையானவைதான். சமையலுக்கு நின்றவர்களுக்கும், இரண்டு கோடையாகப் பியர் தொடாமல் எல்லோரையும் கரை சேர்த்த இரண்டு அங்கத்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த வருடம் செயலாளராக இருக்க யாராவது முன்வந்தால் பதிவுக் கொப்பியைச் சந்தோசமாகக் கொடுப்பேன். யாரும் வராவிட்டால் நானே தொடர்கிறேன், ஆனால் மீதி நான்கு கையெழுத்தும் வேண்டும். கொப்பி வாசல் மேசையில், தேநீருக்குப் பக்கத்தில் இருக்கிறது.